மருத்துவ இடம் கிடைத்தும் கட்டணம் தடையாவது ஏன்? உதவித்தொகை, கல்விக் கடன் திட்டங்கள் குறித்த ஓர் அலசல்

புதுதில்லி: ஒரே நுழைவுத் தேர்வு, ஒரே பாடத்திட்டம், ஒரே பட்டம். ஆயினும், எம்பிபிஎஸ் படிப்புக்காக ஒரு மாணவர் செலுத்தும் தொகை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி ஒரு கோடி ரூபாயையும் தாண்டுகிறது. இந்த இடைவெளியை நிரப்பவே கல்வி உதவித்தொகை, வட்டி மானியம், பிணையில்லாக் கடன், மாநில அரசுகளின் கட்டணத் திட்டங்கள் எனப் பல ஏற்பாடுகள் உள்ளன. இருந்தும், கலந்தாய்வில் கிடைத்த இடத்தைப் பணமின்றிக் கைவிடும் நிலை தொடர்கிறது. உதவித் திட்டங்களின் எண்ணிக்கைக்கும், அவை மருத்துவக் கல்விக்கு உண்மையில் தரும் பயனுக்கும் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம்.

2025-ஆம் ஆண்டு நீட் இளநிலைத் தேர்வை 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். அவர்களுள் 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றனர். ஆனால், நாட்டில் உள்ள எம்பிபிஎஸ் இடங்களோ 2024-25 கல்வியாண்டில் சுமார் 1.18 லட்சம் மட்டுமே. 2014-இல் சுமார் 51,000 ஆக இருந்த இடங்கள் பத்தே ஆண்டுகளில் இருமடங்குக்கும் மேலாகப் பெருகியிருப்பது பெரும் வளர்ச்சிதான். எனினும், இவற்றில் ஏறத்தாழப் பாதி தனியார் கல்லூரிகளில் இருப்பதால், இடங்கள் பெருகிய அளவுக்கு எளிய குடும்பத்தினரின் வாய்ப்பு பெருகவில்லை.

ஒரே படிப்பு, பல விலை

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சேரும் மாணவர் செலுத்த வேண்டியது சில ஆயிரம் ரூபாய் மட்டுமே. தமிழகத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக் கல்விக் கட்டணம் 20,000 ரூபாய்க்கும் குறைவு. அதே மாநிலத்தில், தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு அண்மை ஆண்டுகளில் அனுமதித்த தொகை ஆண்டுக்குச் சுமார் 4.5 லட்சம் ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டில் அது 13 லட்சத்தைத் தாண்டியது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணம் இதனினும் அதிகம்.

நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையும் இதனை மறைக்கவில்லை. எம்பிபிஎஸ் இடங்களில் 48 சதவீதம் தனியார் வசம் இருப்பதாகவும், அங்கு மொத்தக் கட்டணம் 60 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரையோ அதற்கு மேலாகவோ இருப்பதாகவும் அது குறிப்பிட்டது. உள்நாட்டுக் கட்டணச் சுமையே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. அவ்வாறு சென்று திரும்புவோர் இந்தியாவில் பணியாற்ற எழுத வேண்டிய தகுதித் தேர்வில், 2023-ஆம் ஆண்டு தேர்ச்சி பெற்றோர் ஏறத்தாழ 17 சதவீதம் மட்டுமே.

இதன் விளைவு தரவரிசையிலும் தெரிகிறது. ஒரு சில மதிப்பெண் வித்தியாசத்தில் அரசுக் கல்லூரி இடத்தைத் தவறவிடும் மாணவர், அடுத்ததாகக் கிடைக்கும் தனியார் இடத்தைக் கட்டணம் காரணமாக விட்டுவிடுகிறார். அவரைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற, ஆனால் கட்டணம் செலுத்த இயன்ற ஒருவருக்கு அந்த இடம் செல்கிறது. தகுதியை அளவிடுவதற்காகக் கொண்டுவரப்பட்ட பொதுத் தேர்வு, கட்டணம் என்னும் இரண்டாவது வடிகட்டியின் முன் தன் நோக்கத்தைப் பாதியிலேயே இழக்கிறது.

உதவித்தொகை யாரைச் சென்றடைகிறது?

மத்திய அரசின் உதவிகளில் பரப்பளவில் பெரியது, பட்டியலின மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம். 2020 டிசம்பரில் திருத்தியமைக்கப்பட்ட இத்திட்டத்துக்கு 2025-26 வரையிலான காலத்துக்கு 59,048 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம். எஞ்சியது மாநிலங்களின் பங்கு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. திரும்பப் பெறவியலாத கட்டாயக் கட்டணங்களுடன் பராமரிப்புப் படியும் வழங்கப்படுகிறது. ஆனால், நிர்வாக ஒதுக்கீட்டில் சேருவோருக்கு இது பொருந்தாது.

குறிப்பிட்ட முன்னணி நிறுவனங்களில் பயிலும் பட்டியலின மாணவர்களுக்கு உயர்தரக் கல்வித் திட்டம் தனியாக உள்ளது. வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். கல்விக் கட்டணம் முழுமையாக வழங்கப்பட்டாலும், தனியார் நிறுவனமாயின் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் என்பதே உச்சவரம்பு. பொறியியல் படிப்புக்கு இத்தொகை பெருமளவு போதுமானதாக இருக்கலாம். ஆண்டுக்குப் பத்து லட்சம் கேட்கும் மருத்துவக் கல்லூரியில் இது ஐந்தில் ஒரு பங்கே.

வருமான வரம்பின் இரு புறங்களையும் ஒப்பிட்டால் சிக்கல் தெளிவாகும். ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் ஈட்டும் குடும்பத்துக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. 8 லட்சத்துக்கு மேல் ஈட்டும் குடும்பம் பெரும்பாலான மத்தியத் திட்டங்களின் வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஆனால், ஆண்டுக்கு 9 லட்சம் ஈட்டும் ஓர் ஆசிரியரோ, சிறு வணிகரோ தம் முழு வருமானத்தையும் கொடுத்தாலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் ஓராண்டுக் கட்டணத்தை ஈடுகட்ட இயலாது. உதவியின் வரம்புகள் பொதுவான உயர்கல்விச் செலவைக் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. மருத்துவக் கல்வியின் விலை அந்த அளவுகோலுக்குள் அடங்குவதில்லை.

மாநிலங்களின் வழிகள்

இந்த வெற்றிடத்தைச் சில மாநிலங்கள் வெவ்வேறு வகையில் அணுகியுள்ளன. தமிழகத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020-இல் இயற்றப்பட்டது. முதல் ஆண்டுக் கலந்தாய்விலேயே, தனியார் கல்லூரிகளில் இடம் கிடைத்தும் கட்டணம் செலுத்த வழியின்றிச் சில மாணவர்கள் அவற்றைக் கைவிட நேர்ந்தது. அதனைத் தொடர்ந்து, அம்மாணவர்களின் கல்வி மற்றும் விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும், உதவித்தொகை வரும்வரை காத்திராமல் உடனடியாகச் செலுத்தச் சுழல் நிதி ஏற்படுத்தப்படும் என்றும் மாநில அரசு அறிவித்தது. இட ஒதுக்கீடு மட்டும் போதாது, அதனுடன் பணமும் உரிய நாளில் வந்து சேர வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

மத்தியப் பிரதேசத்தின் ‘முக்கியமந்திரி மேதாவி வித்யார்த்தி’ திட்டம், பள்ளித் தேர்வில் உயர் மதிப்பெண் பெற்று நீட் வழியே சேருவோருக்குத் தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் ஏற்கிறது. பதிலுக்கு, படிப்பை முடித்தவர் மாநிலத்தின் ஊரகப் பகுதிகளில் பணியாற்ற வேண்டும். குஜராத்தின் ‘முக்கியமந்திரி யுவ ஸ்வாவலம்பன்’ திட்டத்தில் கல்விக் கட்டணத்தின் பாதி அல்லது ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அது வழங்கப்படுகிறது. மகாராஷ்டிரம் 2024 முதல் 8 லட்சம் ரூபாய்க்குட்பட்ட வருமானமுள்ள குடும்பங்களின் பெண்களுக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தில் முழு விலக்கு அளித்துள்ளது. மேற்கு வங்கத்தின் மாணவர் கடன் அட்டை 4 சதவீதத் தனி வட்டியில் 10 லட்சம் ரூபாய் வரை கடன் தருகிறது. பீகாரின் அட்டையில் வரம்பு 4 லட்சம் ரூபாய்.

ஆக, ஒரே மதிப்பெண்ணும் ஒரே வருமானமும் கொண்ட இரு மாணவர்களுள் ஒருவர் இலவசமாகப் படிப்பதும், மற்றவர் கடனாளியாவதும் அவர்கள் பிறந்த மாநிலத்தைப் பொறுத்ததாகிறது.

7.5 லட்சம் என்னும் எல்லைக்கோடு

உதவித்தொகை எட்டாதவர்களுக்கு எஞ்சியிருப்பது கல்விக் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தின்படியும், மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியின்படியும் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு வீடு, நிலம், வைப்புத்தொகை போன்ற பிணை கேட்கப்படுகிறது. ஆகவே, அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 4.5 லட்சம் செலுத்தும் மாணவருக்கே இரண்டாம் ஆண்டில் பிணைக் கேள்வி எழுந்துவிடும். பாகம் பிரிக்கப்படாத பூர்விக நிலமும், வாடகை வீடும் உள்ள குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

இந்தத் தடையைக் குறைக்கும் நோக்கில், ‘பிஎம் வித்யாலட்சுமி’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 6 அன்று ஒப்புதல் அளித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேருவோர் பிணையும் ஜாமீனும் இன்றி, கல்விக் கட்டணம் முழுவதற்கும் இதர செலவுகளுக்கும் கடன் பெறலாம். குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை இருந்தால், 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதனை அடுத்த அவகாசக் காலத்திலும் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. இதன் பயன் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குக் கிடைக்கும். 2024-25 முதல் 2030-31 வரை இதற்கென 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. தொழிற்கல்வி பயிலும், 4.5 லட்சம் ரூபாய்க்குட்பட்ட வருமானமுள்ள குடும்பத்தினருக்கு முழு வட்டி மானியம் வழங்கும் பழைய திட்டமும் தொடர்கிறது.

மருத்துவ மாணவரின் பார்வையில் இத்திட்டத்துக்கு இரு எல்லைகள் உள்ளன. முதலாவது, நிறுவனப் பட்டியல். தேசியத் தரவரிசையை அடிப்படையாகக் கொண்ட இப்பட்டியலில் எல்லாத் துறைகளும் சேர்ந்தே தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் இருந்தன. 2024-25-இல் நாட்டில் இருந்த மருத்துவக் கல்லூரிகள் மட்டுமே சுமார் 780. மருத்துவப் பிரிவில் தரவரிசை பெறுபவை 50 நிறுவனங்களே. எனவே, தரவரிசைக்கு வெளியே உள்ள தனியார் கல்லூரியில் இடம் பெறும் மாணவர் பழையபடி பிணைக்கே திரும்ப வேண்டியுள்ளது. இரண்டாவது, மானியத்தின் அளவு. 10 லட்சத்துக்கு 3 சதவீதம் என்பது ஆண்டுக்கு அதிகபட்சம் 30,000 ரூபாய். 50 லட்சம் கடன் பெற்றவருக்கு 10 சதவீத வட்டியில் ஓராண்டில் சேரும் தொகை 5 லட்சம் ரூபாய்.

கடன் எவ்வாறு வளர்கிறது?

ஒரு கணக்கு இதனை விளக்கும். ஆண்டுக்கு 10 லட்சம் வீதம் ஐந்து தவணைகளில் 50 லட்சம் ரூபாய் கடன் பெறப்படுவதாகவும், வட்டி 10 சதவீதம் எனவும் கொள்வோம். பயிற்சி மருத்துவர் காலம் உட்பட எம்பிபிஎஸ் படிப்பு ஐந்தரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு அவகாசம். இந்த ஆறரை ஆண்டுகளில் தனி வட்டி மட்டுமே 22.5 லட்சம் ரூபாய் சேர்கிறது. திருப்பிச் செலுத்தத் தொடங்கும் நாளில் கடன் 72.5 லட்சம். அதனை 15 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 78,000 ரூபாய். முடிவில் வங்கிக்குச் செலுத்தப்பட்டிருக்கும் மொத்தத் தொகை ஏறத்தாழ 1.40 கோடி ரூபாய்.

இதே கணக்கை ஆண்டுக்கு 4.5 லட்சம் கட்டணமுள்ள அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குப் பொருத்தினால், அவகாசம் முடியும்போது கடன் சுமார் 32.6 லட்சம், மாதத் தவணை ஏறத்தாழ 35,000 ரூபாய். எம்பிபிஎஸ் மட்டும் முடித்த ஒரு மருத்துவர் இத்தவணையைச் சிரமப்பட்டேனும் சமாளிக்கலாம். 78,000 ரூபாய்த் தவணை என்பது அவரது தொடக்கக் கால ஊதியத்தைப் பெருமளவு விழுங்கிவிடும்.

பட்டம் பெற்றபின் முதுநிலைப் படிப்புக்கு மூன்று ஆண்டுகள் தேவை. அக்காலத்தில் உதவி ஊதியம் கிடைத்தாலும், முந்தைய கடனின் வட்டி நிற்பதில்லை. இதனால் கடன் சுமந்த மருத்துவர் எந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கிறார், எந்த ஊரில் பணியாற்றுகிறார் என்பதையும் மாதத் தவணையே வழிநடத்தத் தொடங்குகிறது. வருவாய் குறைந்த பொது மருத்துவமும், வட்டார ஆரம்ப சுகாதார நிலையமும் அவரது தெரிவிலிருந்து விலகிப்போகின்றன. மாணவரின் கடனாகத் தொடங்கிய செலவை, இறுதியில் மருத்துவர் இல்லாத ஊரும், கூடுதல் கட்டணம் செலுத்தும் நோயாளியும் பகிர்ந்து சுமக்கின்றனர்.

நாள்களில் தீர்மானமாகும் எதிர்காலம்

கடன் கிடைக்கும் என்பது மட்டும் போதாது. அது எப்போது கிடைக்கும் என்பதும் முக்கியம். கலந்தாய்வில் இடம் ஒதுக்கப்பட்ட பின் கல்லூரியில் சேரத் தரப்படும் அவகாசம் சில நாள்களே. சொத்துப் பத்திரங்களின் சட்டக் கருத்துரை, மதிப்பீடு, இணைக் கடன்தாரரின் வருமானச் சான்று எனப் பிணையுடன் கூடிய கடனுக்கு வாரக்கணக்கில் ஆகிறது. ஒதுக்கீட்டு ஆணையின்றி வங்கி கடனை அனுமதிக்காது. பணமின்றிக் கல்லூரி சேர்க்கை தராது. இந்த இடைவெளியைக் கடக்கவே பல குடும்பங்கள் நகையை அடகு வைக்கின்றன, தனியாரிடம் அதிக வட்டிக்குக் கடன் பெறுகின்றன.

கலந்தாய்வில் பங்கேற்கவே பணம் தேவை. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கான வைப்புத்தொகை பொதுப் பிரிவினருக்கு 10,000 ரூபாய். நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களுக்கு அது 2 லட்சம் ரூபாய். திரும்பப் பெறத்தக்க தொகையே எனினும், பிற்பட்ட சுற்றுகளில் கிடைத்த இடத்தில் சேராவிடில் அதனை இழக்க நேரிடும்.

கட்டணக் கெடு ஒரு மாணவரின் எதிர்காலத்தை எவ்வளவு எளிதில் பறிக்கும் என்பது 2024-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. தன்பாத் ஐஐடி-யில் இடம் பெற்ற, தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், 17,500 ரூபாயை உரிய நேரத்தில் செலுத்த இயலாமல் இடத்தை இழந்தார். அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவருக்கு இடம் வழங்குமாறு செப்டம்பர் 30 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 17,500 ரூபாய்க்கே உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது என்றால், லட்சங்களில் கட்டணம் கேட்கப்படும் மருத்துவச் சேர்க்கையில் ஓசையின்றிக் கைநழுவும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

சேவைக்கு ஈடாகக் கல்வி

கடனுக்கு மாற்றாக நெடுங்காலம் இருந்துவரும் வழி, சேவை ஒப்பந்தம். புனேவில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் பயிற்சிச் செலவை அரசு ஏற்கிறது. பட்டதாரிகள் ராணுவ மருத்துவச் சேவையில் பணியாற்ற வேண்டும், விலகுவோர் 60 லட்சம் ரூபாய்க்கு மேல் ஈடு செலுத்த வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, தனியார் நிறுவனமாக இருந்தும் குறைந்த கட்டணத்தில் பயிற்றுவித்து, பட்டதாரிகளைப் பின்தங்கிய பகுதிகளில் உள்ள மருத்துவமனைகளில் பணியாற்றச் செய்கிறது.

எனினும், ஒப்பந்தத்தின் வடிவமே அதன் வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஹரியாணா அரசு 2020-இல் கொண்டுவந்த முறையில், அரசுக் கல்லூரி மாணவர்கள் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் ரூபாய்க்கு உறுதிப்பத்திரம் அளிக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் அரசுப் பணியாற்றினால் அத்தொகையை அரசே அடைக்கும். அரசுப் பணி கிடைக்கும் என்பதற்கு உறுதி எங்கே என்ற கேள்வியுடன் 2022 நவம்பரில் ரோத்தக் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினர். பின்னர், பணிக்காலம் ஐந்து ஆண்டுகளாகவும், தொகை சுமார் 30 லட்சமாகவும் குறைக்கப்பட்டன. பணியிடத்தை உறுதி செய்யாத ஒப்பந்தம், உதவி என்ற பெயரில் மற்றொரு கடனாகவே மாறும் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம்.

கட்டணத்தைக் கட்டுப்படுத்துவது சாத்தியமா?

உதவித் தொகையை உயர்த்துவது ஒரு வழி; கட்டணத்தையே குறைப்பது மற்றொரு வழி. நன்கொடைக் கட்டணம் சட்டவிரோதம் என 1992-ஆம் ஆண்டு மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003-இல் இஸ்லாமிக் அகாதெமி வழக்கைத் தொடர்ந்து மாநிலங்களில் கட்டண நிர்ணயக் குழுக்கள் உருவாயின. ஆந்திரப் பிரதேசத்தில் ஆண்டுக் கட்டணத்தை ஏழு மடங்காக, அதாவது 24 லட்சம் ரூபாயாக உயர்த்திய 2017-ஆம் ஆண்டு அரசாணை ரத்து செய்யப்பட்டதை 2022 நவம்பரில் உறுதி செய்த உச்ச நீதிமன்றம், கல்வி லாபமீட்டும் வணிகமன்று எனவும், கட்டணம் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் எனவும் தெளிவுபடுத்தியது.

2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் 50 சதவீத இடங்களுக்குக் கட்டண நெறிமுறை வகுக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்கு வழங்கியது. அதன்படி, அந்த இடங்களுக்கு அந்தந்த மாநில அரசுக் கல்லூரிக் கட்டணமே வசூலிக்கப்பட வேண்டும் என 2022 பிப்ரவரி 3 அன்று ஆணையம் அறிவித்தது. தனியார் கல்லூரிகள் நீதிமன்றங்களை நாடின. பாதி இடங்களின் செலவு மற்றப் பாதி மாணவர்கள் மீது விழும் என்பது அவற்றின் வாதம். நாடு முழுவதும் இந்நெறிமுறை ஒரே சீராக நடைமுறைக்கு வரவில்லை.

அந்த வாதத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. மருத்துவமனை, ஆய்வகம், பேராசிரியர் ஊதியம் என மருத்துவக் கல்லூரி நடத்தும் செலவு அதிகம். அரசுக் கல்லூரியில் அதனைப் பொதுநிதி ஏற்கிறது. தனியார் கல்லூரியில் அரசு நிதியின்றி அரசுக் கட்டணம் என்றால் இடைவெளியை யாரேனும் ஈடுகட்ட வேண்டும். ஆனால், நியாயமான செலவு எது, மிகையான வசூல் எது என்பது கல்லூரிகளின் கணக்குகள் வெளிப்படையாக ஆராயப்பட்டால் மட்டுமே தெரியவரும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

கலந்தாய்வு விருப்பப் பட்டியலை நிரப்பும் முன்பே, ஒவ்வொரு கல்லூரியின் விடுதி, உணவு, இதர கட்டணங்களையும் சேர்த்து மொத்தச் செலவைக் கணக்கிடுவது நல்லது. அக்கல்லூரி பிஎம் வித்யாலட்சுமி பட்டியலில் உள்ளதா என்பதை இணையதளத்தில் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளலாம். வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவை தேர்வு முடிவு வரும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

வட்டி மானியம் பெறுவோர் பிற அரசு உதவித்தொகையையும் சேர்த்துப் பெற இயலாது என்பதால், எது அதிகப் பயன் தரும் என ஒப்பிட வேண்டும். படிப்புக் காலத்திலேயே வட்டியைச் செலுத்துவோருக்குப் பல வங்கிகள் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை சலுகை அளிக்கின்றன. பெண்களுக்குத் தனிச் சலுகையும் உண்டு. முதுநிலைப் படிப்பின்போது தவணையைத் தள்ளிவைக்க இயலுமா என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு அறிய வேண்டும். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுப்போருக்கு, செலுத்திய வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வரிக் கழிவு உண்டு; அசலுக்கு இல்லை.

அடுத்தது என்ன?

இடங்களைப் பெருக்குவதில் காட்டப்பட்ட வேகம், அவற்றை எட்டச் செய்வதிலும் தேவைப்படுகிறது. நீட் வழியே சேரும் ஒவ்வொரு மருத்துவ மாணவருக்கும், கல்லூரியின் தரவரிசையைப் பொருட்படுத்தாமல் கடன் உத்தரவாதம் கிடைப்பது முதற்படியாக அமையலாம். மானியத்துக்கான 10 லட்சம் ரூபாய் வரம்பை மருத்துவக் கல்வியின் உண்மையான செலவுடன் பொருத்துவது அடுத்தது. ஊரகச் சேவையில் சேருவோரின் கடனை ஆண்டுவாரியாக அரசே அடைக்கும் ஏற்பாடு, மாணவரின் சுமையையும் மருத்துவர் பற்றாக்குறையையும் ஒருசேரக் குறைக்கக்கூடும்.

இவை அனைத்துக்கும் மேலாக, கட்டணத்தைக் கட்டுப்படுத்தாமல் கடனை மட்டும் எளிதாக்கினால், உயர்ந்த கட்டணத்தை நிலைநிறுத்தும் கருவியாகவே கடன் மாறிவிடும் அபாயம் உண்டு. நெறிமுறை வகுக்கும் அதிகாரம் சட்டத்தில் ஏற்கெனவே உள்ளது. மாநிலங்களில் கட்டணக் குழுக்களும் உள்ளன. அவற்றின் முடிவுகள் கலந்தாய்வு தொடங்கும் முன் வெளியாகி, கல்லூரிகளில் உண்மையாகவே பின்பற்றப்படுமாயின், இடம் கிடைத்த மாணவர் அதில் சேரலாமா என்பதைப் பணம் தீர்மானிக்கும் நிலை குறையத் தொடங்கும்.